பத்தில் நிற்காத கோடு: எங்கள் எஸ்டீமுக்கு வெளி ஈசியூ போட்ட கதை

எங்கள் ரேஸ் கார் ஒரு மாருதி எஸ்டீம். எஞ்சினுக்குப் பெட்ரோலும் ஸ்பார்க்கும் எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர்தான் ஈசியூ. கம்பெனி போட்டுக் கொடுத்த ஈசியூவைக் கழற்றி அலமாரியில் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குப் பதிலாகப் போட்ட பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை ஹார்ஸ் பவர் கூடிச்சு?" என்றுதான். பெட்டியால் எதுவும் கூடவில்லை. கேம் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு) மாற்றியதில் கூடியது, சிலிண்டர் ஹெட்டில் வேலை செய்ததில் கூடியது. அந்த இரண்டும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவிடாமல் பழைய கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தது, புதுப் பெட்டி பிடியை விட்டுவிட்டது. ஆனால் அந்தப் பிடியை விடவைக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது, அதில் பெரும்பகுதி கம்ப்யூட்டரோடு சம்பந்தமே இல்லாத வேலை. வயர், எர்த்து, ஒரு பல் சக்கரம், புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் பாகத்தை விவரமாக எழுதி நான் தமிழில் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் மோட்டார்தான் சோறு போடுகிறது. கார் ஓட்டுகிறவன் என் மச்சினன். எஞ்சின் பார்ப்பவர் எங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன், கார்புரேட்டர் காலத்து ஆள், காதை வைத்தே ஜெட் சைஸ் சொல்லக்கூடியவர். கோயமுத்தூரில் இப்படி மூன்று பேர் சேர்ந்து ரேஸ் கார் கட்டுவது அதிசயம் இல்லை. கரிவரதன் இங்கேதான் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார்கள் கட்டினார். 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் போய்விட்டார், 2003-ல் செட்டிபாளையத்தில் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. லேத், ஃபவுண்டரி, பேட்டர்ன் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. நாங்கள் செய்ததெல்லாம் அந்த வசதியில்தான் நடந்தது.

எஸ்டீம் வந்தபோது கார்புரேட்டர், 65 பிஹெச்பி. 1999-ல் 16 வால்வும் எம்பிஎஃப்ஐயும் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் அடிக்கிற முறை) வந்து 85 ஆனது. எங்களுடையது அந்த இரண்டாவது எஞ்சின், 1298 சி.சி. கம்பெனி ஈசியூ நல்ல கம்ப்யூட்டர்தான், அதைக் குறை சொல்லவே மாட்டேன். மேனிஃபோல்டில் எவ்வளவு வேக்குவம், எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் என்று பார்த்து, உள்ளே எழுதி வைத்திருக்கிற டேபிளில் தேடி, இவ்வளவு பெட்ரோல், இந்த நேரத்தில் ஸ்பார்க் என்று முடிவு செய்கிறது. அந்த டேபிள் கம்பெனி கேமுக்கு எழுதியது. நாங்கள் போட்ட கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் அதிகம், அதனால் ஐட்லிங்கில் வேக்குவம் குறைந்துவிட்டது. ஈசியூ என்ன நினைக்கும்? வண்டி மேடு ஏறுகிறது, லோடு இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். நின்ற இடத்தில் கரும்புகை. மேலே 6,000 தாண்டினால் நேர் எதிர், புது கேம் இழுக்கிற காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் லீன் ஆகும்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. கூலன்ட் சென்சர் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியூ நம்பிக்கொண்டு எல்லா இடத்திலும் கொஞ்சம் அதிகமாக ஊற்றும். நாங்களும் ஒரு சீசன் அப்படித்தான் ஓட்டினோம். 6,000-க்கு மேல் சரியானது, கீழே இன்னும் மோசமானது, கார்னரிலிருந்து வெளியே வரும்போது கார் இருமியது. அந்த சீசன் முடிந்ததும்தான் வெளி ஈசியூ என்று முடிவானது.

வெளி ஈசியூ செய்கிற கம்பெனிகளில் மோட்டெக், ஹால்டெக் இரண்டும் ஆஸ்திரேலியா, லிங்க் நியூசிலாந்து. கஸ்டம்ஸ் வரியும் சேர்த்து அந்த விலைக்கு எங்களால் போக முடியாது. நாங்கள் எடுத்தது மெகாஸ்குவர்ட்-2. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு பேர் ஆரம்பித்த வேலை அது. சர்க்யூட் படத்தோடு, பாகங்களைத் தனித்தனியாகக் கொடுத்து நீங்களே சால்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிற ரகம். ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடுகிற ஸ்பீடுயினோவும் இருக்கிறது, அதுவும் நல்ல சாமான்தான். எனக்கு மெகாஸ்குவர்ட் பிடித்ததற்குக் காரணம், ஒவ்வொரு ரெசிஸ்டரும் எதற்கு இருக்கிறது என்று படத்தில் தேடிப் படிக்க முடிந்தது. மூன்று ராத்திரி சால்டர் வைத்தேன். கார் பக்கமே போகாமல் மேஜையில் வைத்து, சென்சர் மாதிரி நடிக்கிற ஒரு சின்ன போர்டை மாட்டி, ஆர்பிஎம், டெம்பரேச்சர் எல்லாம் திருகிப் பார்த்தேன். அங்கே எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. மேஜையில் ஒழுங்காக வேலை செய்யாத பெட்டியை யாரும் காரில் மாட்டக்கூடாது. மாட்டினால் கோளாறு பெட்டியிலா காரிலா என்றே தெரியாமல் போய்விடும்.

போடுவதற்கு முன்னால் இன்ஜெக்டர் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன், எவ்வளவு சின்ன விஷயத்தோடு விளையாடுகிறோம் என்று அப்போதுதான் புரியும். 1298 சி.சி.யை நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டர் 324.5 சி.சி. அது வயிறு நிறையக் காற்று இழுத்தால், சாதாரண வெப்பத்தில் 0.38 கிராம் காற்று. ஃபுல் த்ராட்டிலில் 12.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று வைத்தால் அதற்கு வேண்டிய பெட்ரோல் 30 மில்லிகிராம். சொட்டுக் கணக்குதான். அந்தச் சொட்டுப் பெட்ரோலை, 7,500 ஆர்பிஎம்மில், 16 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை அளந்து கொடுக்க வேண்டும். நிமிஷத்துக்கு 240 சி.சி. விடுகிற இன்ஜெக்டர் என்றால் அதற்கு 10 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். கரண்ட் கொடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறக்காது, சுமார் 1 மில்லிசெகண்ட் வீணாகும், நாங்கள் அந்த 16 மில்லிசெகண்டுக்குள் இரண்டு தடவையாகப் பிரித்து அடிப்பதால் அந்த வீண் நேரம் இரண்டு தடவை. மொத்தம் 12. இதெல்லாம் கலப்பில்லாத பெட்ரோல் கணக்கு. இப்போது பங்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இன்னும் 7, 8 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும், அப்போது 13-ஐத் தொடும். கையில் இருப்பது 16. சரி, போதும் என்று 240-ஐயே வாங்கினோம்.

அப்புறம் வயரிங்.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். சீசன் ஆரம்பிக்க நாள் இருக்கிறது என்றாலும் எஞ்சின் ஓடுவதைக் கேட்க வேண்டும் என்ற ஆசை, அதனால் பெட்டியின் எர்த்தை டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் ஒரு போல்ட்டிலும், சென்சர் எர்த்துகளை எஞ்சின் பக்கம் எங்கே வசதியோ அங்கேயும் கொடுத்தேன். எஞ்சின் ஓடாமலே வயரிங்கைச் சோதிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. லேப்டாப்பில் கூலன்ட் டெம்பரேச்சர் 84 காட்டியது (கொதிக்க வைத்த தண்ணீரில் சென்சரைப் போட்டு வைத்திருந்தோம், ஆறிக்கொண்டு வந்தது). ரேடியேட்டர் ஃபேனை ஆன் செய்தேன். 78. ஆஃப் செய்தேன். 84. மறுபடி ஆன், 78. பாத்திரத்துத் தண்ணீர் அரை நொடியில் 6 டிகிரி ஆறி மறுபடி அரை நொடியில் சூடாகாது.

இருபது வருஷமாகக் கரண்டோடு பழகுகிற எனக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஃபேன் 10 ஆம்பியர் இழுக்கிறது. அது திரும்பி வருகிற வழியும் சென்சரின் எர்த்தும் ஒன்றாகவே போகின்றன. அந்த வழியில் பெயின்டோ துருவோ 8 மில்லிஓம் இருந்தால் போதும், 10 ஆம்பியருக்கு 0.08 வோல்ட் அங்கே நிற்கும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்தால் 8 மில்லிஓம் தெரியவே தெரியாது, பூஜ்யம் என்று சொல்லிவிடும். ஆனால் 84 டிகிரியில் அந்த சென்சர் கொடுப்பதே அரை வோல்ட்தான், அதில் 0.08 ஏறினால் 6 டிகிரி போய்விடும். இதே வித்தை த்ராட்டில் சென்சரிலும் காற்று டெம்பரேச்சர் சென்சரிலும் நடக்கும். அந்தப் பொய் எண்களை வைத்து எத்தனை நாள் டியூனிங் செய்தாலும் அது ஃபேனுக்குச் செய்த டியூனிங், எஞ்சினுக்கு இல்லை.

எல்லாவற்றையும் பிரித்தேன். பெட்டியின் பவர் எர்த்துகள் நாலும் சிலிண்டர் ஹெட்டில் ஒரே போல்ட்டுக்குப் போயின, அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை உலோகம் தெரிகிற வரை தேய்த்தோம். சென்சர்களின் எர்த்து எல்லாம் தனி வயரில் பெட்டிக்கே திரும்பி வந்தது, வழியில் எங்கேயும் பாடியைத் தொடவில்லை. பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த கேபிள் புதிது. மறுபடி தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஃபேனை ஆன் செய்து ஆஃப் செய்து பார்த்தோம். 84, 84, 84. அந்த மூன்று எண்களை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நாள் முழுக்க சால்டர் வைக்கிறவன், ஆனால் ரேஸ் காரின் வயரிங்கில் ஒரு ஜாயின்ட்கூட சால்டர் வைக்கவில்லை. சால்டர் உருகி வயரின் இழைகளுக்குள்ளே ஏறி, அது ஏறின வரைக்கும் வயர் கம்பி மாதிரி விறைத்துவிடுகிறது. எஞ்சின் அதிர்வில் அந்த விறைப்பு முடிகிற இடத்தில் சரியாக ஒடியும், மேலே இன்சுலேஷன் அப்படியே இருப்பதால் ஒடிந்தது கண்ணுக்கும் தெரியாது. அதனால் நல்ல கிரிம்ப்பிங் டூல், பின்னுக்குப் பொருத்தமான டை, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கனெக்டருக்குள் போனது. டூல் விலை என்னை யோசிக்க வைத்தது, வாங்கினேன், இன்றுவரை ஒரு பின் கழன்றதில்லை.

ஈசியூவுக்குக் கண் கிடையாது. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிவது க்ராங்க் புல்லியில் இருக்கிற பல் சக்கரத்தாலும் அதன் பற்களைப் பார்க்கிற சென்சராலும்தான். நாங்கள் 36-1 என்கிற சக்கரம் போட்டோம், 36 பல்லுக்கு இடம் பிரித்து ஒரு பல்லை வெட்டி எடுத்தது. ஒவ்வொரு பல்லும் 10 டிகிரி, அந்த இல்லாத பல் எங்கே வருகிறதோ அதை வைத்து மீதியை எண்ணிக்கொள்கிறது. லேசரில் வெட்டி, லேத்தில் ஏற்றி, டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.3 மி.மீ. ஆட்டம். சென்சருக்கும் பல்லுக்கும் நடுவே நாங்கள் விடப்போகிற இடைவெளியே 0.8 மி.மீ. தான், அதில் 0.3 ஆடினால் ஒரு பக்கம் சிக்னல் பலமாகவும் மறுபக்கம் சோர்ந்தும் வரும். லேத்காரர் முகம் சுளிக்காமல் மறுபடி பிடித்து 0.05-க்குக் கொண்டுவந்தார். சென்சரைத் தாங்குகிற பிராக்கெட்டை 6 மி.மீ. தகட்டில் செய்தோம். கையால் அசைத்தால் அசைகிற பிராக்கெட் எஞ்சினில் நிச்சயம் ஆடும்.

முதல் ஸ்டார்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. செல்ஃப் அடித்தோம், இன்டேக் வழியாக டப் என்று பேக் ஃபயர் அடித்தது, ஸ்பார்க் கொடுக்கிற இரண்டு காயில்களின் கனெக்டர்களும் இடம் மாறியிருந்தன, மாற்றினோம், மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. மச்சினன் கை தட்டினான். அண்ணன் தட்டவில்லை, பானெட்டுக்குள் தலையை விட்டபடி "டைமிங் லைட் எடுத்துட்டு வர்றேன், ஆஃப் பண்ணீராதீங்க" என்று உள்ளே போனார்.

லேப்டாப்பில் ஒரு செட்டிங் இருக்கிறது. டைமிங் டேபிளைப் பார்க்காதே, எந்த ஆர்பிஎம்மாக இருந்தாலும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சரியாக 10 டிகிரி முன்னால் ஸ்பார்க் அடி என்று சொல்லிவிடலாம். அதைப் போட்டுவிட்டு, புல்லியில் 10 டிகிரிக்கு வெள்ளை பெயின்டில் கோடு போட்டு, ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னுகிற டைமிங் லைட்டை அடித்தால், சுற்றுகிற கோடு நின்ற மாதிரி தெரியும். அண்ணனுடைய லைட் பழசு, டயல் எதுவும் கிடையாது. அது நல்லதாகப் போயிற்று. எங்களுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் வருகிறது, டயல் வைத்த லைட்டுகளில் சில அதைப் பார்த்துக் கணக்கில் தப்பிவிடும்.

1,000 ஆர்பிஎம்மில் கோடு 10-ல் நின்றது. எனக்கு அதோடு நிம்மதி. அண்ணன் "கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க" என்றார். 2,000. 3,000. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தேன். 4,000-ல் கையைக் காட்டினார், அப்படியே பிடி என்று.

"தம்பி, இங்க வாங்க. கோடு நிக்கல. நடக்குது பாருங்க."

மச்சினனை உட்காரவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். 10-ல் நிற்க வேண்டிய கோடு 13 தாண்டி நின்றது. ஆர்பிஎம் இறங்கினால் மெல்ல நடந்து 10-க்கு வந்தது, ஏறினால் மறுபடி நடந்தது. லேப்டாப்பிலோ 10.0 என்று அசையாமல் இருந்தது. இன்னும் மேலே கொண்டுபோனபோது 5,200-ல் எஞ்சின் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. லேப்டாப் பதிவு செய்து வைத்திருந்த லாக்கைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் ஆர்பிஎம் நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது, இல்லாத பல்லைக் கம்ப்யூட்டர் தொலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது.

அன்று ராத்திரி தூக்கமில்லை. பெட்டியில் சிக்னலைத் திருத்துகிற இரண்டு சின்னத் திருகாணி ரெசிஸ்டர்களைத் திருகிப் பார்த்தேன், கேபிளை காயில் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டினேன், கேபிளைச் சுற்றியிருக்கிற உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன் (இரண்டு முனையிலும் செய்தால் ஷீல்டே இரைச்சலைத் தூக்கிவரும்). 5,200 என்பது 5,600 ஆனது. கோடு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. மறுநாள் பக்கத்துப் பட்டறையில் ஆஸிலாஸ்கோப் கடன் வாங்கிவந்து சென்சர் வயரில் மாட்டினேன். அலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் தலைகீழாக.

அந்த சென்சர் ஒரு காந்தமும் ஒரு சுருளும், நான் தினமும் சுற்றுகிற அதே சமாச்சாரம். பல் நெருங்கும்போது வோல்டேஜ் ஒரு பக்கம் ஏறும், பல்லின் நடுமையம் சென்சருக்கு நேராக வரும்போது பூஜ்யத்தைக் கடந்து மறுபக்கம் போகும். அந்தக் கடக்கிற இடத்தைத்தான் கம்ப்யூட்டர் பிடிக்க வேண்டும், அது செங்குத்தாக இறங்குகிற இடம், ஆர்பிஎம் எவ்வளவு ஆனாலும் நகராது. வயர் இரண்டும் மாறியிருந்தால் கம்ப்யூட்டர் பல்லின் மையத்தை விட்டுவிட்டு இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கிற சோம்பேறிச் சரிவைப் பிடிக்கும். ஆர்பிஎம் ஏற ஏற அலை உயரும், சரிவின் மேல் பிடி நகரும், கோடு நடக்கும். இல்லாத பல் வருகிற இடத்தில் அந்தச் சரிவு கிட்டத்தட்டத் தட்டையாகவே இருக்கும், கொஞ்சம் இரைச்சல் வந்தாலே எண்ணிக்கை தப்பும். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்.

கனெக்டரில் இரண்டு பின்களை இடம் மாற்றினேன். இரண்டு நிமிஷ வேலை. கோடு 1,000-லும் 10, 6,000-லும் ஏறக்குறைய 10. ஒரு டிகிரி மட்டும் பின்னால் போனது, அது காயிலும் சர்க்யூட்டும் எடுத்துக்கொள்கிற நேரம். 7,500 ஆர்பிஎம்மில் க்ராங்க் ஒரு டிகிரி திரும்ப 22 மைக்ரோசெகண்ட்தான் ஆகும், அந்தத் தாமதத்தைச் சாஃப்ட்வேரில் எழுத ஓர் இடம் இருக்கிறது, எழுதியதும் அதுவும் நின்றது. அண்ணன் லைட்டை அணைத்துவிட்டு "இப்ப ஓட்டுங்க" என்றார்.

அவர் அன்று லைட் எடுத்துவராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. டேபிளில் 28 டிகிரி என்று எழுதியிருப்பேன், எஞ்சினில் 32 அடித்திருக்கும், ஃபுல் லோடில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுமீறி வெடிப்பது) வந்து பிஸ்டன் ஓரம் உடைந்திருக்கும், நான் பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். வெளி ஈசியூ போடுகிறவர்கள் பலர் இந்த ஒரு வேலையைத் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். காசு வாங்கிக்கொண்டு டியூனிங் செய்கிற ஒருவர் "லேப்டாப்லயே டைமிங் தெரியுதே, லைட் எதுக்கு" என்று என்னிடமே கேட்டார். லேப்டாப்பில் தெரிவது கம்ப்யூட்டரின் எண்ணம். புல்லியில் தெரிவதுதான் எஞ்சினில் நடப்பது.

கரி ஸ்பீட்வேயில் பெட்ரோல் டேபிளை நிரப்பினோம். 2.1 கி.மீ. டிராக், எங்களுக்குப் பக்கம், பிராக்டிஸ் நாள் எடுத்தால் காலையிலிருந்து மாலை வரை ஓட்டலாம். சைலன்சர் பைப்பில், பெட்ரோல் கூடுதலா குறைவா என்று புகையை வைத்து அளக்கிற வைட்பேண்ட் சென்சர், மச்சினன் ஹெல்மெட்டுக்குள் வியர்த்தபடி ஐந்து லேப், உள்ளே வந்ததும் லாக்கை எடுத்துப் பார்த்து நாலைந்து கட்டங்களைத் திருத்தம், மறுபடி ஐந்து லேப். டேபிளில் ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்டு பிரஷர், 16-க்கு 16, மொத்தம் 256 கட்டம். ரேஸில் கார் உண்மையில் நிற்கிறது அதில் நாற்பது கட்டத்துக்குள்தான். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை லாம்ப்டாவில் பார்க்கப் பழகிக்கொண்டோம், 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல், மேலே என்றால் குறைவு. எத்தனால் கலந்தபிறகு 14.7 என்ற பழைய எண்ணுக்கு அர்த்தமில்லை, லாம்ப்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் 1 தான். ஃபுல் த்ராட்டிலில் 0.87 வைத்தோம். டைமிங்கை டிராக்கில் தொடவில்லை, ஒரு நாள் டைனோ (காரை நிறுத்தி வைத்து டார்க் அளக்கிற மெஷின்) வாடகைக்கு எடுத்து, டார்க் ஏறுவது நின்ற இடத்திலிருந்து இரண்டு டிகிரி பின்னால் வந்து நிறுத்தினோம். மாலையில் கார்னரிலிருந்து வெளியே வரும்போது அந்த இருமல் இல்லை. மச்சினன் இறங்கி, "மாமா, கால் வெச்ச இடத்துல நிக்குது" என்றான். அவனிடமிருந்து அவ்வளவு பெரிய பாராட்டு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர், எங்கள் வாயில் இன்னும் இருங்காட்டுக்கோட்டைதான். 3.7 கி.மீ., நீளமான ஸ்ட்ரெயிட், டாப் கியரில் ஃபுல் த்ராட்டில் அதிக நேரம். முதல் பிராக்டிஸில் இரண்டாவது லேப்பிலேயே மச்சினன் உள்ளே வந்துவிட்டான். "டப்பாவுல கூழாங்கல்லு போட்டு உலுக்கின மாதிரி சத்தம் வருது மாமா." கரியில் அந்தச் சத்தமே வந்ததில்லை. அண்ணன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரிப் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். இன்னும் இரண்டு லேப் போயிருந்தால் அதில் பிஸ்டன் அலுமினியம் மினுக்கியிருக்கும்.

லாக்கில் லாம்ப்டா 0.96. கரியில் 0.87 இருந்த அதே ஆர்பிஎம், அதே த்ராட்டில், அதே டேபிள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வெறித்துப் பார்த்தேன், அப்புறம்தான் லாக்கில் மேனிஃபோல்டு பிரஷர் வரிசையைப் பார்த்தேன். 99 கிலோபாஸ்கல். கரியில் ஃபுல் த்ராட்டிலில் அது ஒருநாளும் 95-ஐத் தாண்டியதில்லை.

கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தமே 96 பக்கம்தான், த்ராட்டிலை எவ்வளவு திறந்தாலும் மேனிஃபோல்டு அதற்கு மேல் போகாது. டேபிளில் 95-க்கு ஒரு வரிசை, 100-க்கு ஒரு வரிசை. 95 வரிசையைக் கரியில் நாள் முழுக்க ஓட்டி, கட்டம் கட்டமாகத் திருத்தி, கட்டத்தில் எழுதுகிற எண்ணை (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பது) 96 வரை ஏற்றியிருந்தோம். 100 வரிசையைத் தொட வேண்டிய தேவையே அங்கே வரவில்லை, முதல் நாள் உத்தேசமாகப் போட்ட 84 அப்படியே இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் கார் முதல்முறையாக அந்த வரிசைக்குள் போயிருக்கிறது. சிலிண்டருக்குக் காற்று அதிகம் வந்தது, கணக்கில் பெட்ரோல் 10 சதவீதம் குறைந்தது. 100 வரிசை முழுவதையும் 95 வரிசைக்குச் சமமாக ஏற்றினேன், அடுத்த லேப்பில் லாம்ப்டா 0.88. சத்தம் இல்லை. அண்ணன் புது பிளக் போட்டு மூன்று லேப் கழித்துக் கழற்றிப் பார்த்தார், பீங்கான் சுத்தமாக இருந்தது.

அதே நாளில் இன்னொன்றும் வந்தது, இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிடில் வெயிலில் நிற்கும்போது காற்று டெம்பரேச்சர் சென்சர் பானெட் சூட்டில் தானே சூடாகி 60 டிகிரி காட்டுகிறது. உள்ளே வருகிற காற்று 40 தான். காற்று சூடு என்றால் அடர்த்தி குறைவு என்று ஈசியூ பெட்ரோலை 6 சதவீதம் போலக் குறைத்துவிடுகிறது, சரியாகக் கொடி விழுகிற நேரத்தில் கார் தடுமாறுகிறது. சென்சரை மேனிஃபோல்டிலிருந்து கழற்றி, ஃபில்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் குழாயில் மாற்றினோம். பாதி சரியானது. மீதிக்கு, அந்தச் சென்சரை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிற டேபிளில் மேல் கோடியைக் கொஞ்சம் மழுக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் எங்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காரை லாரியிலிருந்து இறக்கியதும் எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் சாவியை மட்டும் திருப்பி, மேனிஃபோல்டு பிரஷர் எத்தனை காட்டுகிறது என்று பார்க்கிறேன். எஞ்சின் ஓடாதபோது அது காட்டுவது அந்த ஊர் காற்றின் அழுத்தம். போன மாதம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இந்த வேலை ஆரம்பித்தபோது லேப்டாப் பக்கமே வராதவர், "அதெல்லாம் உங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிடுவார்.

"நூறாவது வரிசை பாத்தீங்களா தம்பி?"

"பாத்துட்டேன் அண்ணா."

தலையாட்டிவிட்டு, சின்ன பிரஷ்ஷையும் வெள்ளை பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, புல்லியில் கோடு போடக் குனிந்தார்.